கதவைத் திற, பேரைக் கூப்பிடு, பிறகு தீ மூட்டு

போன மாதம் எங்கள் பஸ் ஓட்டுநர் சங்கத்தில் இளம் ஓட்டுநர்களுக்கு ஒரு வகுப்பு வைத்தார்கள். ஈப்போவில் ஓர் ஓட்டலின் மாடி. உட்கார்ந்தால் பல் கிட்டிப்போகும் அளவுக்குக் குளிர். வெற்றிகரமான நாளுக்குக் காலையில் என்னென்ன பழக்கங்கள் வேண்டும் என்பது பேச்சு. கழுத்துப்பட்டை கட்டிய ஒரு தம்பி திரையில் படம் போட்டுக் காட்டினார். ஐந்து மணிக்கு எழு, வெந்நீர் குடி, கண்ணை மூடிப் பத்து நிமிடம் உட்கார், அன்றைய வேலையைத் தாளில் எழுது. நல்ல பிள்ளை, குறை சொல்ல ஒன்றுமில்லை. நான் ஓட்டுநராக இருந்த காலத்தில் வெந்நீர் என்பது வண்டியின் ரேடியேட்டரில் இருந்ததுதான், அதை யாரும் குடிக்கவில்லை.

அவர் முடித்ததும் என்னை மேடைக்கு ஏற்றினார்கள். ஓய்வு பெறும் வரை ஒரு விபத்தும் இல்லாமல் ஓட்டியவன் என்று அறிமுகம் செய்துவிட்டு, "அண்ணே, காலையில எழுந்தா ஒங்க மொத வேல என்னண்ணே?" என்று கேட்டார்கள்.

"கதவத் தொறப்பேன். அப்புறம் பேரச் சொல்லிக் கூப்பிடுவேன்" என்றேன்.

"யாரு பேர அண்ணே?" என்று பின்வரிசையிலிருந்து ஒருவன் குரல் கொடுத்தான். கூடமே சிரித்தது. எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது, இறங்கிவிட்டேன். மேடையில் சொல்ல முடியாமல் போனதை இங்கே எழுதுகிறேன்.

நான் தாப்பாவுக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் பிறந்தவன். அப்பாவும் அம்மாவும் மரம் சீவினார்கள். எனக்கு மரம் பிடிக்கவில்லை, லாரி பிடித்தது. தோட்டத்து லாரியைக் கழுவ ஆரம்பித்து, கிளீனராகி, இருபத்திரண்டு வயதில் ஸ்டீரிங்கைப் பிடித்தேன். அடுத்த வருடம் கல்யாணம். தலையில் கொஞ்சம் கனம் ஏறியிருந்தது, ஒப்புக்கொள்கிறேன்.

அப்புறம் ஜப்பான்காரன் வந்தான். தோட்டத்து வெள்ளைக்காரத் துரை ஓடிப்போனார். லாரியைப் பட்டாளம் எடுத்துக்கொண்டது. பெட்ரோல் என்ற வாசனையே ஊரை விட்டுப் போய்விட்டது. தாப்பாவில் ஒரு சீன முதலாளி, தௌக்கே என்போம், அவர் மட்டும் ஈப்போவுக்கு ஒரு பஸ் விட்டுக்கொண்டிருந்தார். அது அடுப்புக் கரியில் ஓடுகிற பஸ். உதவிக்கு ஆள் தேவை என்று கேள்விப்பட்டுப் போனேன்.

அங்கேதான் இபுராகிம் நாநா இருந்தார், அவர்கள் வழக்கில் நாநா என்றால் அண்ணன். பஸ்ஸை ஓட்டுவதும் அவர்தான், பழுது பார்ப்பதும் அவர்தான். என்னைவிடப் பதினைந்து வயது பெரியவர். குள்ளம், தொப்பை, ஓட்டை விழுந்த பனியன், ஒரு பக்கம் கீறல் விட்ட கண்ணாடி, அதன் காதுக் கம்பிக்குப் பதிலாகச் சணல் கயிறு. சிரித்து நான் அதிகம் பார்த்ததில்லை. நான் பெட்ரோல் லாரி ஓட்டியவன் என்று சொன்னதும் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"அப்ப ஒனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு சொல்லு" என்றார்.

கரிவண்டியை இன்றைய பிள்ளைகள் பார்த்திருக்க மாட்டார்கள். பஸ்ஸின் பின்னால், வெளிப்புறமாக, ஆள் உயரத்துக்கு ஓர் இரும்பு டாங்கி. அதில் கரியைப் போட்டு அரைகுறையாக எரிய விட்டால் ஒரு வாயு வரும். அது குழாய் வழியாகப் போய், தேங்காய் நார் அடைத்த பெட்டியில் தூசி நீங்கி, எஞ்சினுக்குள் போகும். பெட்ரோல் செய்கிற வேலையைப் பாதி பலத்தோடு செய்யும். மேடு வந்தால் ஆண்கள் எல்லாரும் இறங்கித் தள்ள வேண்டும். யாரும் முகம் சுளித்ததில்லை. இறங்கித் தள்ளாத பஸ்ஸை அவர்கள் மறந்தே போயிருந்தார்கள்.

அந்த வண்டியைக் காலையில் கிளப்புவதற்கு முக்கால் மணி நேரம் ஆகும். நாநாவுக்கு அதில் ஒரு வரிசை உண்டு. அதை மாற்றினால் ஆளையே மாற்றிவிடுவார்.

முதலில் கொட்டகையின் இரண்டு கதவுகளையும் விரியத் திறக்க வேண்டும். ஒன்று தெருவைப் பார்த்தது, மற்றது ஆற்றைப் பார்த்தது. மழை என்றாலும், ஆற்றுக் காற்று ஆளைத் தள்ளினாலும் திறக்க வேண்டும். அடுத்து, ஆள் கூப்பிடுவது. அதற்குப் பிறகுதான் டாங்கியில் கை வைக்கலாம். நேற்றுச் சாம்பலை அடியிலிருந்து இழுத்துக் கொட்டி, குழாயில் தேங்கிய தண்ணீரை வடித்து, நார்ப் பெட்டியை உதறி, கரியை நெல்லிக்காய் அளவுக்கு உடைத்து மேலே நிரப்ப வேண்டும். தூளும் ஆகாது, கட்டியும் ஆகாது. பிறகு அடி வாயில் எண்ணெய்த் துணியைச் செருகித் தீ. தீப் பிடித்ததும் கையால் சுற்றுகிற காற்றுச் சக்கரத்தை ஒருவர் விடாமல் சுற்ற, புகைக் குழாயில் முதலில் வெள்ளைப் புகை வரும், பிறகு மெலியும். அதில் நெருப்புக் காட்டினால் நீலமாக நின்று எரிய வேண்டும். அப்போதுதான் எஞ்சினுக்குத் திருப்பி முன்னால் ஹாண்டல் போடுவோம்.

இவை எல்லாம் எனக்குப் புரிந்தன. புரியாதது அந்த ஆள் கூப்பிடுகிற வேலைதான். கொட்டகையில் இருந்தது மூன்று பேர். நாநா, நான், காற்றுச் சக்கரம் சுற்றுகிற ஆ லியோங். நாநா நடுவில் நின்றுகொண்டு, கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் நிற்கும் என்னை, "சின்னராசு!" என்று கூப்பிடுவார். நான் "இருக்கேன்" என்று சொல்ல வேண்டும். அடுத்து "ஆ லியோங்!" என்பார். அவன் மலாயில் "அடா!" என்பான், இருக்கேன் என்று. அப்புறம் காலி பஸ்ஸைப் பார்த்து, "வண்டில யாரு?" என்று கேட்பார். பதில் வராது. அதோடு விடமாட்டார். ஏறி, இருட்டில் ஒவ்வொரு பெஞ்சாகக் கையால் தடவிக்கொண்டே கடைசி வரை போய்த் திரும்புவார்.

ஒரு வாரம் பொறுத்தேன். எட்டாம் நாள் கேட்டுவிட்டேன். "நாநா, ஒங்க மூக்குக்கு முன்னாடிதான நிக்கிறேன். எதுக்குக் கூப்புடுறீங்க?"

"நிக்கிறது தெரியுது. பதில் சொல்லு. வாயில என்ன, கொழுக்கட்டையா?"

அன்று முழுக்க நான் அவரோடு பேசவில்லை. அவருக்கு அது தெரிந்ததாகவே காணோம். ஆ லியோங்கிடம் போய், மனிதருக்குக் கொஞ்சம் மறை கழன்றுவிட்டது என்று சைகை காட்டினேன். அவன் தோளைக் குலுக்கிவிட்டு, "கூப்பிட்டா பதில் சொல்லுலா, வாய் தேஞ்சா போயிரும்?" என்றான்.

காலை நேரத்தைப் பற்றிப் பேசுகிறபோது இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஜப்பான்காரன் வந்ததும் எங்கள் கடிகாரங்களை எல்லாம் தோக்கியோ நேரத்துக்குத் திருப்பச் சொன்னான். ஒன்றரை மணி நேரம் முன்னால். முதல் பஸ் எட்டு மணிக்கு என்று பலகை. ஆனால் ஏழுக்குத் தீ மூட்டும்போது வெளியே கும்மிருட்டு, கோழி கூடக் கூவாது. தோட்டத்தில் காலை ஆள் எடுப்புக்குப் பந்தம் பிடித்துக்கொண்டு போனார்கள். நாங்கள் எல்லாரும் கடிகாரத்தைப் பார்த்துத் தூக்கம் கெட்டோம். நாநா கெடவில்லை. அவர் விடியற்காலைச் சுபுஹு தொழுகைக்கு வானத்தைப் பார்த்து எழுகிறவர். "அவன் முள்ளத் திருப்பலாம், விடியறதத் திருப்பச் சொல்லு பாப்போம்" என்பார். நெஞ்சுக்குள் எனக்கு அது பிடித்திருந்தது. வெளியே காட்டிக்கொள்ளவில்லை.

இப்போது என் மனைவியைப் பற்றி. பெயர் லெச்சுமி. இதை இங்கே எழுதுவது எனக்குச் சுலபம், அந்த நாளில் வாயால் சொல்வது அவ்வளவு சுலபமில்லை. எங்கள் ஆட்களில் புருஷன் பேரைப் பெண்டாட்டி சொல்லவே மாட்டாள், அது எல்லாருக்கும் தெரியும். ஆனால் எங்கள் வீட்டில் ஆண்களும் நாலு பேர் முன்னால் பெண்டாட்டி பேரைச் சொல்லக் கூசுவார்கள். "ஏ புள்ள", "இந்தா", அவ்வளவுதான். கல்யாணமாகி மூன்று வருடத்தில் நான் அவள் பேரைச் சொல்லிக் கூப்பிட்டதாக நினைவில்லை.

அவளுக்கு அப்போது எட்டாம் மாதம், தலைப்பிள்ளை. மலேரியாக் காய்ச்சல் விட்டு விட்டு வந்தது. கொயினா மாத்திரை கண்ணில் பட்டு மாதக்கணக்காகியிருந்தது. கால் இரண்டும் வீங்கிவிட்டன. தோட்டத்தில் மருந்து கொடுக்கிற டிரசர் அவள் கண்ணிமையை இழுத்துப் பார்த்துவிட்டு, "இங்க வச்சிக்கிட்டு என்னால ஒண்ணும் ஆவாது. ஈப்போ ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிரு. நாள் கடத்தாத" என்றார். முதல் பஸ்ஸுக்குத் தோட்டத்திலிருந்து நடந்து வர அவளால் முடியாது. அதனால் முதல் நாள் மாலையே மாட்டு வண்டியில் தாப்பாவுக்குக் கூட்டி வந்து, கொட்டகைக்குப் பக்கத்தில் ஒரு தெரிந்தவர் வீட்டில் தங்கினோம்.

காலையில் கொட்டும் மழை. அந்த வீட்டுக் கூரை ஒழுகி, அவள் பாய் நனைந்து, குளிர்க் காய்ச்சல் தூக்கிப் போட்டது. நான் சீக்கிரமே அவளைக் கொட்டகைக்குக் கொண்டு வந்தேன். நாநா பள்ளிவாசலில் தொழுதுகொண்டிருந்தார். ஆ லியோங் வரவில்லை. நேரத்தோடு தீ மூட்டினால் நேரத்தோடு ஈப்போ போகலாம் என்பது மட்டும்தான் என் மண்டையில் இருந்தது.

எஞ்சின் பிடித்துச் சற்று நேரம் ஓடும் வரை பஸ்ஸுக்குள் ஒருவரையும் ஏற்றக் கூடாது என்பது நாநாவின் சட்டம். நான் ஏற்றினேன். எந்த இடத்தில் என்று கேளுங்கள். கடைசிப் பெஞ்சில். டாங்கிக்கு ஒட்டினாற்போல் இருப்பதால் அது கதகதப்பாக இருக்கும். குளிரில் நடுங்குகிற பெண்டாட்டிக்கு வண்டியிலேயே நல்ல இடம் பார்த்துக் கொடுத்தேன். என் மாற்று வேட்டியைப் போர்த்தினேன். சாரல் அடிக்காமல் பக்கத் தார்ப்பாயை இறக்கிக் கட்டினேன். கொட்டகையின் இரண்டு கதவுகளையும் சாத்தினேன். அவள் கண்ணை மூடிக்கொண்டு, "இங்க நல்லா இருக்குங்க" என்றாள்.

தீ மூட்டி, நானே காற்றுச் சக்கரத்தைச் சுற்றினேன். கால் மணி நேரத்துக்கு மேல் இருக்கும். தலை கனத்தது. பசியாறாமல் வந்ததால் என்று நினைத்துக்கொண்டேன்.

கதவு படாரென்று திறந்தது. நாநா தொப்பலாக நனைந்து நின்றார். திட்டப் போகிறார் என்று காத்திருந்தேன், திட்டவில்லை. நேரே போய் ஆற்றுப் பக்கக் கதவையும் தள்ளித் திறந்தார். காற்றும் மழையும் உள்ளே அடித்தன. நடுவில் வந்து நின்றார்.

"சின்னராசு!"

"இருக்கேன் நாநா."

"ஆ லியோங்!"

வாழை இலையைத் தலையில் பிடித்தபடி அப்போதுதான் உள்ளே வந்த அவன், "அடா!" என்றான்.

"வண்டில யாரு?"

சொல்லியிருக்கலாம். என் வீட்டுக்காரி இருக்கிறாள் நாநா, உடம்பு சரியில்லை என்று ஒரு வரி. சட்டத்தை மீறியது தெரிந்துவிடும், ஆ லியோங் முன்னால் வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டும் என்று நினைத்தேன். எப்படியும் வண்டி கிளம்பியதும் சொல்லிக்கொள்ளலாம் என்று தோன்றியது. "யாருமில்ல நாநா" என்றேன்.

அவர் என்னைத் திரும்பிக் கூடப் பார்க்கவில்லை.

"ஒன்னயக் கேக்கல. வண்டியக் கேக்குறேன்."

ஏறினார். முதல் பெஞ்சு, இரண்டாம் பெஞ்சு, மூன்றாம் பெஞ்சு என்று மரத்தில் கை உரசுகிற சத்தம் கேட்டது. கடைசியில் சத்தம் நின்றது. பிறகு ஒரு அலறல். "யா அல்லா! தூக்குடா! வந்து தூக்குடா!"

அவளை எப்படி இறக்கினோம் என்று எனக்குத் தெரியாது. நாநா தலைப் பக்கம், ஆ லியோங் கால் பக்கம். நான் எதைப் பிடித்தேன்? ஆற்றுப் பக்கக் கதவுக்கு வெளியே, மழையிலேயே கிடத்தினார்கள். முகம் சிவந்து, நன்றாக உறங்குகிறவள்போல் இருந்தாள். வெளுத்துப் போயிருந்தால்கூட எனக்கு உடனே புரிந்திருக்கும். கை விட்டால் விட்ட இடத்தில் விழுந்தது.

"யாருடா இது?"

"என் வீட்டுல, நாநா."

"பேரு என்ன?"

என் வாய் திறந்தது, வரவில்லை.

"பேரச் சொல்லிக் கூப்புடுடா! காதுக்குப் பக்கத்துல கூப்புடு!"

நான் குனிந்து, "ஏ புள்ள, ஏ புள்ள, இந்தாம்மா" என்றேன். அசையவில்லை. நாநா என் பிடரியில் ஓங்கி ஒன்று வைத்தார். வாழ்க்கையில் நான் வாங்கிய அடிகளில் நன்றி சொல்ல வேண்டிய அடி அது ஒன்றுதான்.

"ஏ புள்ளைன்னா ஊர்ல எல்லாரும் புள்ளதான்டா! அவ பேரு!"

"லெச்சுமி" என்றேன். முதலில் எனக்கே கேட்கவில்லை. பிறகு கத்தினேன். லெச்சுமி, லெச்சுமி என்று ஆற்றங்கரையே கேட்கக் கத்தினேன். நாநாவும் கத்தினார், அவள் தோளைப் பிடித்து உலுக்கினார். ஆ லியோங்கும் "லெச்சுமி ஆ!" என்று கத்தினான். எவ்வளவு நேரமென்று சொல்ல முடியாது. அவள் இமை அசைந்தது. ஒருக்களித்து வாந்தி எடுத்தாள். கண்ணைத் திறந்து என்னைத்தான் பார்த்தாள்.

"இங்கனதான இருக்கேன். ஏன் கத்துறீங்க?" என்றாள்.

நான் அழுதேன். அதைச் சொல்வதில் எனக்கு வெட்கம் கிடையாது. ஆனால் சந்தோஷம் கொஞ்ச நேரம்தான். அவள் இரண்டு கையையும் வயிற்றின் மேல் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு மெல்லச் சொன்னாள். "புள்ள அசையலீங்க. காலையில ஒதச்சிக்கிட்டே இருந்திச்சி. இப்ப அசையல."

நாநா ஆ லியோங்கைக் காற்றுச் சக்கரத்துக்கு விரட்டினார். வண்டியைக் கிளப்பினார். முன்னால், தன் இருக்கைக்குப் பின்னாலேயே அவளை உட்கார வைத்து, என்னைத் தாங்கிக்கொள்ளச் சொன்னார். எல்லாத் தார்ப்பாயையும் சுருட்டிக் கட்டிவிட்டார். ஏறிய சனம் எல்லாம் மழையில் நனைந்தது. விஷயம் தெரிந்ததும் ஒருவர் கூடத் தார்ப்பாயை இறக்கி விடுங்கள் என்று கேட்கவில்லை.

அவளைத் தூங்க விடக் கூடாது என்றார் நாநா. கண்ணைச் சாலையில் வைத்துக்கொண்டே அடிக்கொருதரம், "லெச்சுமி!" என்பார். அவள் "இருக்கேண்ணே" என்பாள். கம்பார் வருவதற்குள் பஸ்ஸே கூப்பிட ஆரம்பித்துவிட்டது. கூடையோடு ஏறிய ஒரு சீனக் காய்கறிக்காரம்மா, ஒரு மலாய்ப் பெரியவர், தோட்டத்துச் சனங்கள், ஆளுக்கொரு முறை. மூன்று வருடமாக நான் சொல்லக் கூசிய பேரை அன்று கம்பார் சாலை முழுக்கச் சொல்லிக்கொண்டு போனார்கள்.

கம்பாரில் ஜப்பான் காவல் சாவடி. எல்லாரும் இறங்கி, வரிசையாய் நின்று, இடுப்பு வளையக் கும்பிட வேண்டும். இறங்காதவர்கள் அறை வாங்கியதை நாங்கள் பார்த்திருக்கிறோம். லெச்சுமியால் நிற்கவே முடியாது. நாநா எஞ்சினை அணைக்காமல் இறங்கி, சிப்பாய் முன்னால் ஆழமாகக் குனிந்து, பஸ்ஸைக் காட்டி, தன் தொப்பை மேல் கையால் ஒரு பெரிய வட்டம் போட்டுக் காட்டினார். வேறொரு நாளாக இருந்தால் நான் வயிறு வலிக்கச் சிரித்திருப்பேன். சிப்பாய் துப்பாக்கியோடு ஏறி வந்து அவளைப் பார்த்தான். அவள் உட்கார்ந்தபடியே தலையைத் தாழ்த்தினாள். அவன் ஏதோ சொன்னான். நல்லதா கெட்டதா என்று புரியவில்லை. இறங்கிக் கையை வீசினான், போ என்று.

கோப்பேங்குக்கு முன்னால் இருந்த மேட்டில் அன்று பெண்களும் இறங்கித் தள்ளினார்கள்.

ஆஸ்பத்திரியில் ஒரு நர்ஸம்மா மரத்தால் செய்த ஊதுகுழல்போல ஒன்றை அவள் வயிற்றில் வைத்துக் காதைக் கொடுத்தார். இடம் மாற்றி வைத்தார். மறுபடி மாற்றினார். நானும் நாநாவும் வாசலில் நின்றோம். அந்த நர்ஸம்மாவின் முகத்தைத் தவிர உலகத்தில் வேறொன்றும் எனக்குத் தெரியவில்லை. அவர் நிமிர்ந்தார்.

"இருக்கு" என்றார். அந்த ஒரு வார்த்தைதான்.

அவளைப் படுக்கையில் சேர்த்த பிறகு வெளித் தாழ்வாரத்தில் நாநாவின் காலில் விழப் போனேன். காலை இழுத்துக்கொண்டார். "எந்திரிடா. மனுசன் கால்ல விழுற வேலையெல்லாம் வச்சிக்காத" என்றார். சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். சணல் கயிற்றைக் காதிலிருந்து அவிழ்த்துக் கண்ணாடியைப் பனியனில் துடைத்தார். துடைத்து முடித்த பிறகும் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"முன்ன கமுந்திங் ஊர்ல கரிவண்டியில என்கூட ஒருத்தன் வேல செஞ்சான். குளிருன்னு வண்டியில படுத்திருந்தான். தூங்குறான், தூங்கட்டும்னு விட்டுட்டு நான் தீய மூட்டிட்டேன், கரிவாயு வாசனயே காட்டாம அவனக் கொண்டுபோயிருச்சி. கூப்பிட்டிருந்தா பதில் வராதது தெரிஞ்சிருக்கும்லா. நான் கூப்பிடல."

காலி வண்டியைப் பார்த்து அவர் யாரைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார் என்று அன்றுதான் எனக்கு விளங்கியது. அதை வைத்து அவரைப் பைத்தியம் என்று நான் காட்டிய சைகையும் நினைவுக்கு வந்தது. ஆ லியோங் அதை அவரிடம் சொல்லாமல் இருந்ததற்கு அவனுக்கும் நான் கடமைப்பட்டவன்.

நான் பொய் சொன்னதைப் பற்றி நாநா தௌக்கேயிடம் வாய் திறக்கவில்லை. சொல்லியிருந்தால் அன்றே வேலை போயிருக்கும், போனால் மரவள்ளிக் கிழங்குக்கே வழியில்லாத காலம். மறுநாள் காலை நான் கொட்டகைக்குப் போனபோது அவர் வெளியே கை கட்டி நின்றார். கதவு சாத்தியிருந்தது.

"நீ தொற. இனிமே நீ கூப்புடு" என்றார்.

நான் திறந்தேன். நடுவில் நின்று, "நாநா!" என்று கூப்பிட்டேன்.

"பேரச் சொல்லுடா. நாநா ஊர்ல நூறு பேரு."

"இபுராகிம் நாநா!"

"இருக்கேன்" என்றார். அவர் சிரித்ததை நான் பார்த்த இரண்டு மூன்று தடவைகளில் அது ஒன்று.

இருபது நாள் கழித்து மகள் பிறந்தாள், எடை குறைவாக, குரல் மட்டும் பெரிதாக. காமாட்சி என்று பெயர் வைத்தோம். இன்று அவள் ஒரு பள்ளிக்கூடத்தில் தலைமையாசிரியை. காலையில் ஆஜர் எடுப்பதில் கண்டிப்பு என்று பிள்ளைகள் புலம்புகிறார்களாம். எனக்குச் சிரிப்பாக வரும்.

சண்டை முடிந்து பெட்ரோல் திரும்பி வந்தது. அடுத்து டீசல். சாவியைத் திருப்பினால் வண்டி பேசியது. நாநா சொந்த ஊருக்குக் கப்பலேறியபோது வழியனுப்பப் பினாங்குக்குப் போனேன். மேல்தட்டில் அத்தனை கூட்டத்தில் அவரைக் கண்டுபிடிக்க முடியவில்லை. கப்பல் நகரத் தொடங்கியபோது மேலேயிருந்து, "சின்னராசு!" என்று குரல் மட்டும் வந்தது. தொண்டை கிழிய, "இருக்கேன் நாநா!" என்றேன். அதுதான் நாங்கள் பேசிய கடைசிப் பேச்சு.

ஓய்வு பெறும் நாள் வரை, வண்டி எதுவானாலும், கிளப்பும் முன் கதவைத் திறந்தேன், கூட வேலை செய்கிறவர்களைப் பேர் சொல்லிக் கூப்பிட்டேன், பெஞ்சுகளைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு கடைசி வரை நடந்தேன். கேலி செய்தார்கள். செய்யட்டும். நானும் செய்தவன்தானே. ஒருமுறை உறங்கிப் போன ஒரு பள்ளிப் பிள்ளை கையில் பட்டது. மற்றபடி பல வருடங்கள் வெறும் மரமும் ரெக்சினும்தான். அதற்காக நான் வருத்தப்பட்டதில்லை. ஒன்றும் இல்லாமல் போவதற்காகத்தானே அந்த நடை.

வீட்டிலும் அதே வழக்கம்தான். எழுந்ததும் முன்கதவு, பின்கதவு. பிறகு, "லெச்சுமி!" அவள் அடுப்படியிலிருந்தோ படுக்கையிலிருந்தோ, "இருக்கேன், இருக்கேன், காப்பி வேணுமா?" என்பாள். ஐம்பது வருடத்தில் சண்டை போட்ட நாட்களில்கூட நான் கூப்பிடாமலும் அவள் பதில் சொல்லாமலும் இருந்ததில்லை. என் பேரை மட்டும் அவள் சொன்னதே கிடையாது. அடையாளக் கார்டு எடுக்கப் போன இடத்தில் புருஷன் பேர் என்னவென்று கேட்டதற்கு, பக்கத்தில் நின்ற மகளை இடித்துச் சொல்ல வைத்தவள் அவள்.

ஓட்டல் மாடியில் பேசிவிட்டு வந்த அன்று டாக்டர் எனக்கு ரத்த அழுத்தத்துக்குப் புது மாத்திரை கொடுத்திருந்தார். அடித்துப் போட்ட மாதிரி தூங்கியிருக்கிறேன். மறுநாள் காலை வழக்கமான நேரத்துக்கு என் குரல் கேட்கவில்லை என்று லெச்சுமி எழுந்து வந்தாளாம். "என்னங்க" என்றாளாம். தோளைத் தொட்டு மறுபடி "என்னங்க, எந்திரிங்க" என்றாளாம். நான் அசையவில்லையாம். இதெல்லாம் அவள் பிறகு சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

எனக்குக் கேட்டது அடுத்து வந்ததுதான். எங்கோ ஆற்றங்கரையில் மழை பெய்வதுபோல் இருந்தது, யாரோ கத்துகிறார்கள். கண்ணைத் திறந்தேன். முன்கதவும் பின்கதவும் விரியத் திறந்து கிடந்தன. வெளிச்சம் உள்ளே வந்துகொண்டிருந்தது. எழுபத்து நான்கு வயது லெச்சுமி என் காதோரம் குனிந்து, கண்ணீரும் கோபமுமாய்க் கத்திக்கொண்டிருந்தாள்.

"சின்னராசு! சின்னராசு!"

"இங்கனதான இருக்கேன் லெச்சுமி" என்றேன். "ஏன் கத்துற?"